பென்சைல் ஆல்கஹாலும் அண்ணிமேல் போட்ட பழியும்

ரப்பர் மூடி போட்ட அந்தச் சின்ன பாட்டிலை இன்றைக்கும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒக்கலிபுரம் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். என் அண்ணிக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. அண்ணி தங்கவயல்காரர், பிரசவத்துக்குச் சில நாள் முன்புவரை ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். குழந்தைக்கு மருந்து ஏற்றும்போதெல்லாம் குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க அந்த பாட்டிலிலிருந்து உப்புநீரை எடுத்துச் செலுத்துவார்கள். பார்மசி படிப்பில் சேர்ந்த புதிது எனக்கு. கண்ணில் படும் லேபிளையெல்லாம் வாசிப்பேன். உப்புநீர் கெடாமலிருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்த்தது என்று அதில் போட்டிருந்தது. வாசித்தேன், புரியவில்லை.

சில நாட்களில் குழந்தை மூச்சுக்குத் திணற ஆரம்பித்தது. வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடியது. அன்று சாயங்காலத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

"ப்ரீமெச்சூர் பேபி, என்ன பண்றது? கடைசி வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டு வேலைக்குப் போனா இப்படித்தான் ஆகும்" என்றார் டாக்டர். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. "சம்பளத்துக்கு ஆசப்பட்டுப் புள்ளைய முழுங்கிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அண்ணன் அம்மாவை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அண்ணி வேலையை விட்டார். வளைகாப்பு வீடுகளுக்கு அவரை யாரும் கூப்பிடாததையும் பொறுத்துக்கொண்டார்.

ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரியவர்களின் உடம்பு அந்த பென்சைல் ஆல்கஹாலைச் சமாளித்துவிடும். குறைமாதக் குழந்தையால் முடியாது. ரத்தத்தில் அமிலம் சேர்ந்து மூச்சுத் திணறும். அண்ணியின் பிரசவத்துக்குப் பல வருடங்கள் முன்பே புத்தகங்களில் ஏறிவிட்ட எச்சரிக்கை அது. அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "அப்போ எல்லா எடத்துலயும் அதத்தானேம்மா யூஸ் பண்ணாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எங்கள் குழந்தையைக் கொன்றது அதுதான் என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அண்ணிமேல் பழி போட்டபோது மட்டும் யார் நிரூபணம் கேட்டார்கள்?

அண்ணியிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "இத எங்கிட்ட மட்டும் சொல்லாத. உங்கம்மா முன்னாடி, உங்கண்ணன் முன்னாடி சொல்லு" என்றார்.

சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்தான். "இவ்ளோ வருசம் கழிச்சு அதப் பேசி இப்ப என்னா ஆவப்போவுது?" என்றாள் அம்மா.

"எனக்கு ஆவும், அத்த" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "எம்பொண்ண நாந்தான் கொன்னுட்டேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன்."

கொஞ்ச நாளில் அண்ணி மறுபடி வேலைக்குப் போனார். அம்மா தடுக்கவில்லை, கடைசிவரை மன்னிப்பும் கேட்கவில்லை. அண்ணி அதை எதிர்பார்க்கவே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.