விருந்தினர் அறை

மலைநாட்டிலிருந்த எங்கள் பெனடிக்ட் சபை மடத்தில் யாரும் தனியாகச் சாப்பிட்டதில்லை. பேசாமல் உண்போம், ஒரு சகோதரர் மட்டும் எதையாவது உரக்க வாசிப்பார். மடாதிபதியான பிறகும் நான் அந்த நீண்ட மேசையில்தான் இருந்தேன். சாகும்வரை அங்கேயே இருப்பதாக வாக்குக் கொடுத்தவன்.

பிறகு என்னைப் பேராயராக நியமித்தார்கள். மறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. தூர நகரம் ஒன்றின் ஆயரில்லத்தில் பகலெல்லாம் ஆட்கள் வந்துபோவார்கள். இராச்சாப்பாட்டுக்கு எவரும் இல்லை. வாசிக்கும் குரல் இல்லாமல் சோறு இறங்காது என்று வானொலியைத் திறந்துவைப்பேன்.

பணி ஓய்வு கிடைத்ததும் நேரே மடத்துக்குப் போனேன். புதிய மடாதிபதி என்னிடம் துறவு பயின்றவர். வாசலில் முழந்தாளிட்டு என் ஆயர் மோதிரத்தை முத்தமிட்டார். பிறகு விருந்தினர் அறையைத் திறந்துவிட்டார். புது விரிப்பு, பூச்சாடி. நான் பாத்திரம் கழுவப் போனால் கையிலிருந்து கோப்பையை வாங்கிவிடுவார்கள். உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழும்புவார்கள். ஒருவர்மீதும் குறை சொல்ல முடியாது. வருகிறவர்களை அப்படி உபசரிக்கச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். சில நாட்கள் பொறுத்துவிட்டு, பிறந்த புத்தளக் கரைக்கே போகிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை.

இப்போது அந்தக் கரையிலேயே கரைத்தீவுப் பக்கம், களப்பின் உப்புநீர்ப் பரப்பைப் பார்த்த சிறிய வீடு. மடத்தில் இரு அணியாக, மாறி மாறி வேதாகமச் சங்கீதம் பாடிப் பழகிய வாய். ஒரு அடி பாடியதும் மறு அடிக்காக என்னை அறியாமல் காத்திருக்கிறேன்.

அடுத்த வீட்டுக்காரர், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த முஸ்லிம் மனிதர். மீன் வியாபாரம். ஒரு பின்னேரம் வேலியடியில் கதைத்துக்கொண்டு நின்றபோது, வேறு எவரிடமும் சொல்லாத, மடத்துக்குத் திரும்பிப்போன கதையை அவரிடம் சொன்னேன். அவர் களப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"சண்டை முடிஞ்ச பொறகு நானும் ஊருக்குப் போனன் ஃபாதர். எங்கட ஊட்டுல இப்ப வேற ஆக்கள். நல்ல ஆக்கள்தான். இருக்கக் கதிர போட்டு, தேத்தண்ணி தந்தாங்க. நான் பொறந்த ஊட்டுல."

"குடிச்சீங்களா?"

"ஓம். குடிச்சிட்டு, போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டு வந்திட்டன்."

பள்ளியில் பாங்கு கேட்டது. அவர் தொழப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இந்த வருடம் மடத்துத் திருநாளுக்கு அழைத்தார்கள். போனேன். திரும்பும்போது புதிய மடாதிபதி வாகனம்வரை வந்து, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்றார். உண்மையாகத்தான் கேட்டார். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஏறினேன். அப்படி ஒருவரும் இருக்கவில்லை.