மஞ்சள் தடவிய பிரதி

என் தங்கை மகன், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உள்ள பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மெட்ராஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எண்பதுகளின் நடுவில் அவனுக்கு வளைகுடாவிலிருந்து வேலை வந்தது. புரோகிராம் எழுதும் வேலை. ஒப்பந்தம் இரண்டு பிரதிகளாக வந்திருந்தது. ஒன்று அவர்களுக்கு, ஒன்று இவனுக்கு.

நான் அப்போது மேலூர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அதனால் காகிதம் என்று எது வந்தாலும் வண்டியூரில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை காலை தங்கையும் மகனும் வந்தார்கள். ஒரு பிரதியின் நான்கு மூலையிலும் அவள் ஏற்கெனவே மஞ்சள் தடவியிருந்தாள்.

"ஆறு பக்கந்தானேண்ணே, எம்புட்டு நேரம் படிப்பீக? பத்தரைக்கு ராகுகாலம்" என்றாள்.

மருமகன் சம்பளம் இருந்த பக்கத்தை மட்டும் படித்திருந்தான். நான் பதினோராவது பிரிவில் நின்றேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு பாஸ்போர்ட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். அதுவரை ஊர் திரும்ப விடுப்பு கிடையாது.

"தை மாசம் உன் தங்கச்சி கல்யாணம். எப்படி வருவ?" என்றேன்.

அவன் முகம் மாறியது. "இந்தப் பிரிவைக் கோடு போட்டு அடிச்சுட்டா வேலை போயிருமா மாமா?"

"போகலாம். இல்லாட்டி கம்பெனிக்காரன் வேற தாள் அனுப்புவான். அப்ப போறதா வேணாமான்னு நீ முடிவு பண்ணு. இப்ப அதையும் அவனே பண்ணி வச்சிருக்கான்."

"அடிச்சிருங்க மாமா" என்றான் அவன்.

எங்கள் அலுவலக முறைப்படியே செய்தேன். பிரிவின் மேல் ஒரே கோடு, ஓரத்தில் அவன் கையெழுத்து, பக்கத்தின் அடியில் 'இப்பக்கத்தில் அடித்தல் ஒன்று' என்ற குறிப்பு. அதை அராபியர் படிக்கமாட்டார்கள் என்பதால் ஆங்கிலத்திலும் எழுதினேன். நான் அடித்தது முன்னால் இருந்த மஞ்சள் தடவிய பிரதியில். மற்றதை எடுப்பதற்குள் மணி பத்து இருபது.

"ஒன்னுல அடிச்சாச்சுல்லண்ணே, அவன் கையெழுத்தப் போடட்டும்" என்றாள் தங்கை. இரண்டிலும் எல்லாப் பக்கங்களிலும் அவன் கையெழுத்திட்டான். "அடிச்சதை அனுப்பு, மத்ததை நீ வச்சுக்க" என்று சொல்லி விட்டுவிட்டேன். ஒரு பிரதியில் மட்டும் திருத்தம் உள்ள பத்திரத்தை யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், அறிவுரையோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

மருமகன் அன்றே மெட்ராஸ் பஸ் ஏறினான். தபாலில் சேர்த்தது தங்கை. சில வாரங்களில் விசா வந்தது, வேலை போகவில்லை. என் முறைக்குக் கடல் தாண்டியும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தைத் தங்கை கொண்டுவந்தாள். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்களாம். பதினோராவது பிரிவை அடித்திருக்கிறதே என்று கேட்டதற்கு, கோப்பைத் திறந்து காட்டினார்களாம். பக்கம் சுத்தமாக இருந்ததாம்.

"எந்தத் தாளை அனுப்புன?" என்றேன்.

"மஞ்ச வச்சதை எப்படிண்ணே வீட்டை விட்டு அனுப்புறது? அது சாமிகிட்ட இருக்கு. ரெண்டுலயும் அவன் கையெழுத்து இருக்கேன்னு மத்ததைத்தான் அனுப்புனேன்."

நிறுவனத்துக்கு நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். நிறுவனத்தின் கோப்பில் உள்ள பிரதியே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

தையில் கல்யாணம் நடந்தது. எங்களில் பெண்ணின் உடன்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கைபிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். பெரியப்பா மகன் ஒருவன் அதைச் செய்தான். மாலை கொஞ்சம் கோணலாக விழுந்தது. மணப்பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் தங்கை அந்தப் பிரதியைக் கொண்டுவந்து, "இதை என்னண்ணே செய்ய?" என்றாள். ஆறு பக்கத்தையும் இன்னொரு முறை படித்தேன். கோடு நேராக இருந்தது. குறிப்பும் கையெழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு குறையும் இல்லை. மடித்து அவளிடமே கொடுத்து, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.