ஆறு மணிக்குத் திரும்புதல்

யூலை 11, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் வாங்கி வந்தேன். பின்னேரம், நானும் மனைவியும் போகவிருந்த மூன்று நாள் திருச்சிப் பயணத்தின் அட்டவணையை என் குறிப்புக் கொப்பியிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காலை நெய்த்தோசை, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை. ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்புதல்.

“இஞ்சாருங்கோ, அங்கை இப்பவும் ஆறு மணிதானோ?” என்றாள்.

“இருட்டினாப் பிறகு தெரியாத ஊரிலை என்னத்துக்குத் திரியிறது?”

அவள் சிரித்தாள். “எனக்குத் தெரிஞ்ச ஊர்தானே. அங்கை அகதி முகாமிலை இருக்கேக்கையும் ஆறு மணிக்குத்தான் ஆள் எண்ணுவினம். நீங்களும் அந்த அதிகாரி மாதிரித்தான், கொப்பியும் கையுமா.”

சிறுமியாக அவள் நான்கு வருடம் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, மதிலுக்கு அப்பால் பார்த்தபடி மெல்லக் கதைத்தாள்.

“பொழுதுபடேக்கை முகாம் வாசலிலை நிண்டு பாத்தா, மலைக்கோட்டை வானத்திலை மிதக்கிற மாதிரி இருக்கும். அதிலை ஏறி நிண்டு, ஊரிலை ஒவ்வொரு லைற்றா பத்துறதைப் பாக்கவேணும் எண்டு ஒரே ஆசை.”

அவள் பார்த்த திசையில் பனைகள்தான் நின்றன. ஆனாலும் அவற்றுக்கு மேலே ஒரு மலை மிதப்பது போல எனக்கும் தோன்றியது. ஆறு மணிக்குத் திரும்பும் வரியை அவளுடைய பாதுகாப்புக்கென்றுதான் எழுதியிருந்தேன்.

யூலை 12, சனிக்கிழமை. விடிந்ததும் முதல் வேலையாகக் கொப்பியைத் திறந்து, மூன்று நாட்களுக்கும் ஆறு மணி வரியை வெட்டினேன். மலைக்கோட்டை என்ற வரிக்கு எதிரே, பொழுதுபடும் முன் ஏறும் நேரத்தை மட்டும் எழுதினேன். இறங்கும் நேரத்தை எழுதவில்லை.