சாவு விழுந்த வீடு

அருப்புக்கோட்டையில வாடகைக்கு வீடு வேணும்னா புரோக்கர் தனுஷ்கோடியைத்தான் பார்க்கணும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். எந்தத் தெருவுல யாரு குடியிருக்காக, என்ன ஆளுக, என்ன பொழப்பு, எல்லாம் மனுசனுக்கு அத்துபடி. திருச்சுழிப் பக்கம் இருந்த வீட்டையும் மானாவாரிக் காட்டையும் வித்துட்டு வந்தவரு. ஊருக்கே வீடு பாத்துக் குடுத்தவரு இருந்தது என்னமோ வாடகை வீடுதான்.

யாரு வீடு கேட்டு வந்தாலும் அவரு மொதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "வீட்டுல படுத்த படுக்கையா யாரும் இருக்காகளா?"

இருக்காகன்னா கையை விரிச்சிருவாரு. வாடகை வீட்டுல சாவு விழுந்து, அன்னைக்கு நட்சத்திரமும் கோளாறாப் போச்சுன்னா, ஆறு மாசம் வீட்டை அடைச்சுப் போடணும்பாக. அதுக்கப்புறம் அங்க எவன் குடிவருவான்? வீட்டுக்காரவுகளுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் குடுத்ததே இவருதான். அதுல ஒரு பெருமை வேற அவருக்கு.

இப்ப அவரு பொண்டாட்டி தங்கலட்சுமிக்கு வயித்துல கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில, இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாக. அந்தச் சேதி எப்படித்தான் ஊருக்குள்ள வந்துச்சோ, வீட்டுக்காரர் ராமசுப்பு போனைப் போட்டாரு.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. மதினியை இங்க கூட்டிட்டு வர வேணாம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

மக திருப்பூர்ல ஒத்தை ரூம் லைன் வீட்டுல கெடக்கா. தங்கலட்சுமியோ, "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஓயாமக் கேக்குறா. மனுசன் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, தெருத்தெருவா அலைஞ்சாரு. அவரு ஆள் குடிவச்சுக் குடுத்த வீடுக எத்தனையோ. ஒவ்வொரு வாசல்லயும் அவரு கேள்வியையே அவருகிட்ட கேட்டாக. பொய் சொல்லவும் வாய் வரலை.

கடைசியில ஷம்சாத் பேகம் வாசல்ல போய் நின்னாரு. புருசன் இல்லாத பொம்பளை, மகன் துபாயில. பந்தல்குடி ரோட்டுல அந்தம்மாவுக்கு ஒரு வீடு உண்டு. ரெண்டு வருசத்துக்கு முந்தி அங்க குடியிருந்த ஒரு பெரியவர் செத்துப்போனாரு. அது சாவு விழுந்த வீடுன்னு போற வர்ற ஆளுககிட்டயெல்லாம் சொன்னது சாட்சாத் நம்ம தனுஷ்கோடிதான். அன்னையிலிருந்து அது பூட்டித்தான் கெடக்கு. அந்த வாசல்ல நிக்க அவருக்குக் கூச்சமா இருந்துச்சு, பின்ன இருக்காதா?

விசயத்தைச் சொன்னதும் ஷம்சாத் பேகம் உள்ள போய்ச் சாவியை எடுத்துட்டு வந்துச்சு.

"கூட்டிப் பெருக்கிக்கங்கண்ணே. அந்த வீட்டுக்குத்தான் யாரும் வரமாட்டாகளே" அப்படின்னுச்சு. குத்திச் சொன்னமாதிரியும் தெரியல. அதுதான் அவரைக் கொன்னுச்சு.

மறுநா மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேன்ல இருந்து தங்கலட்சுமியைத் தூக்கி உள்ள கெடத்துனாக. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையும் தூசி படிஞ்ச ஜன்னலையும் அவ மெல்ல சுத்திப் பார்த்தா.

"இது அந்தச் சாவு விழுந்த வீடுல்ல? நீங்க கூடச் சொல்லுவீகளே."

தனுஷ்கோடிக்குத் தலை நிமிரலை. "ஆமா" அப்படின்னாரு.

அவ கண்ணை மூடிக்கிட்டா. "அப்பச் சரி. இங்கயிருந்து யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டாக."