வாய்ச்சொல் நம்பிக்கையில் கடல் கடந்த எங்கள் லேபிள்

சில வருடங்களாகவே இதை எழுத உட்காருவேன். எங்களை ஏமாற்றிய மனிதரின் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

போர்ட் பிளேரில் நானும் என் கணவரும் தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். நிக்கோபாரிலிருக்கும் கட்சால் தீவு வரைக்கும் எங்கள் எண்ணெய் போகும். ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேறுகிற தெரிந்தவர் யாரிடமாவது டின்னைக் கொடுத்து, வாங்குபவர் பெயரைச் சொன்னால் போதும், சேர்ந்துவிடும். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. பினாங்கில் ஒரு கடைக்காரர் எங்கள் எண்ணெயைக் கேட்டபோதும் அந்தப் பழக்கத்தையே நம்பினோம்.

என் கணவரோடு வருடாவருடம் காவடி எடுக்கும் தனபால் அங்கே போகவிருந்தார். "அரே அண்ணி, காகிதம் கீகிதம் எதுக்கு? கட்சாலுக்கு அனுப்புற மாதிரிதான். நான் இருக்கேன்ல!" என்றார். மாதிரி பாட்டில்கள், லேபிள், கடைக்காரர் நம்பர் எல்லாம் கொடுத்தனுப்பினோம்.

பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. பினாங்கிலிருக்கும் என் தங்கை மகள்தான் அந்தக் கடையிலிருந்து போட்டோ அனுப்பினாள். முருகன் படம் போட்ட எங்கள் லேபிள்; கீழே தனபால் பெயர். உள்ளே யாருடைய எண்ணெயோ!

ஊர் திரும்பியவரைக் கேட்டோம். "பிசினஸ்னா அப்படித்தான் அண்ணி. நீங்க தீவுக்குள்ள வித்துக்குங்க" என்று சிரித்தார். அந்த வருடம் என் கணவர் காவடி எடுக்கவில்லை.

இப்போது லேபிளை எங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டோம். வெளிநாட்டுக் கடைக்காரர் எங்களிடமே பேசி, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மாதிரி பாட்டில்கூடப் போகும்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் யாரோ வெளியாள் ஏமாற்றினான் என்று மாற்றிவிடாதீர்கள். எங்களோடு சேர்ந்து சாமி கும்பிட்டவர்தான் செய்தார்.