அளக்குமுன் கழுவிய தரை

ப்ளாஜெனா மூட்டை அவிழ்ப்பவள். வெள்ளைத் தூள் மூட்டையை மேசையில் வைப்பாள், வாயைக் கத்தரிப்பாள், தொட்டிக்குள் கவிழ்ப்பாள், கடைசியில் மூட்டையின் முதுகில் இரண்டு தட்டு. ஒரு ஷிப்டுக்கு நாற்பது மூட்டை. தூள் கீழே பெயிண்டில் கலக்கும். அந்தப் பெயிண்ட் அடித்த சுவர் தன் அழுக்கைத் தானே தின்னும் என்று டின்னில் அச்சிட்டிருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்த டின்களுக்கு மூடி அடைக்கிறேன், பதினோரு வருடமாக. தூளை நாங்கள் மாவு என்போம்.

அதற்கு முன் அவள் பஞ்சாலையில் இருந்தாள், அது மூடும்வரை.

"பஞ்சு யோக்கியமானதுடி ஸ்லாவ்கா. முடியில ஒட்டும், புருவத்துல ஒட்டும், நான் இங்க இருக்கேன்னு சொல்லும். இது சொல்லாம வருது" என்பாள் என்னிடம்.

மாவின் ஒரு துகள் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். முகக்கவசம் கொடுத்தார்கள். பத்தாவது மூட்டையில் அது நனைந்துவிடும். இரண்டு குளிர்காலமாக அவளுக்கு இருமல். டாக்டர் புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். "இந்தத் தூளைப் பத்தி என்கிட்ட இருக்கிறதே ரெண்டு பக்கம்தான்மா. ரெண்டாவது பக்கத்துல இன்னும் ஆராயணும்னு போட்டிருக்கு" என்றார்.

அவள் கேட்டது ஒன்றுதான். தொட்டியின் வாய்க்கு மேலே, தூசியை உறிஞ்சி வெளியே வடிகட்டிக்கு அனுப்பும் ஒரு மூடி. ஃபோர்மேன் ஹவ்லிக் கெட்டவர் இல்லை.

"காத்தை அளக்கச் சொல்றேன், ப்ளாஜெனா. வரம்பைத் தாண்டுச்சுன்னா மறுநாளே மூடி. தாண்டலேன்னா என்னைக் கேக்காத."

"தாண்டும், தலைவரே. என் நெஞ்சு சொல்லுது."

அளப்பவர்கள் வர பதினான்கு மாதம் ஆனது. செவ்வாய்க்கிழமை வருவதாகக் கடிதம். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்தும் அவள் கிளம்பவில்லை. வாளியும் துணியுமாக மண்டியிட்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"நாளைக்கு ஆள் வர்றாங்க. இந்தத் தரையையா காட்டுறது? பஞ்சாலைப் பொம்பளைங்க பன்னின்னு நினைப்பாங்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னொரு துணியை எடுத்தேன். தரை, குழாய்களின் மேல்புறம், விளக்கு, தொட்டியின் அடி எல்லாம் துடைத்தோம். வாளித் தண்ணீர் ஆறு தடவை பாலாகச் சாக்கடையில் இறங்கியது. சாக்கடை நிசா ஆற்றுக்குப் போகிறது. அதைப் பற்றியும் அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

வந்தவர் ஒரு பொறியாளர் அம்மா. ப்ளாஜெனாவின் இடுப்பில் காற்றை இழுக்கும் சின்னப் பம்பு ஒன்றைக் கட்டி, காலர் பக்கத்தில் தூசியைப் பிடிக்கும் வடிதாளைச் சொருகினார். ப்ளாஜெனா அவருக்காகக் கசகசா வைத்த கோலாச் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். அன்று மூட்டையைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கவிழ்த்தாள். முதுகில் தட்டவே இல்லை. இருபத்தாறு மூட்டைதான் ஆனது.

"என்ன, யாருக்குக் கல்யாணம்? தரையில என் மூஞ்சி தெரியுது" என்றார் ஹவ்லிக்.

பொறியாளர் அம்மா பேனாவை எடுத்தார். "தினமும் இப்படித்தான் இருக்குமா?"

"தினமும் சுத்தம்தான், பொறியாளர் அம்மா" என்றாள் ப்ளாஜெனா. அவள் முகம் சிவந்திருந்தது, பெருமையில்.

போகும்போது அந்த அம்மா ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: "இந்தக் கருவி எடைதான் போடும். உங்க மாவுக்கு எடையே கிடையாது. துகளை எண்ணுற கருவி வேற. அதை உங்க ஆலையில கேக்கல."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வரம்பில் இருபதில் ஒரு பங்கு. கையெழுத்துப் போடும்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நாமதானேடி கழுவினோம்."

அடுத்த அளவு மூன்று வருடம் கழித்து. அவள் ஓய்வுபெற இரண்டு வருடம் நான்கு மாதம்.

"அப்போ வர்றவங்களுக்கு யாரு கோலாச் சுடுவா?" என்று ஹவ்லிக் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான்தான் அவளைத் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு எழுத வைத்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள், எண்ணும் கருவியோடு வாருங்கள் என்று. இந்த மாதத்துக்குள் வருவோம் என்று பதில் வந்தது. அதுவரை தரையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். புதன், வியாழன் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தொட்டியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து, அவள் காலடிகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றைப் பார்க்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே வந்தேன். உள்ளே துணி பிழியும் சத்தம்.

"ப்ளாஜெனா, இன்னிக்கே வந்தாலும் வந்துடுவாங்கடி."

"தெரியும்." அவள் எழுந்திருக்கவில்லை. "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இதேதான் கண்ணுல நின்னுது. அதைப் பார்த்துக்கிட்டு என்னால மூட்டை அவிழ்க்க முடியாது, ஸ்லாவ்கா. முடியல."

இருமினாள். பாதித் தரை ஈரத்தில் மின்னியது. மீதிப் பாதியில் காலடிகள் இன்னும் இருந்தன. அதையாவது விடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாளியைத் தூக்க முயன்றாள், அது தரையை விட்டு எழவில்லை. ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். கனமாக இருந்தது.