நீலப் படகுக்கு வந்த கேப்டன்

வருஷத்தில் ஒரே ஒரு நாள் டெல்மண்ட் பீல் ஆங்கிலேயக் கேப்டன். மற்ற நாளெல்லாம் அமெரிக்காவின் மெய்ன் கரையில் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடித்து, இரைமீன் வாடையோடு வீடு திரும்புகிற ஆள்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயக் கப்பல் அந்த வளைகுடாவுக்குள் வழி தவறி நுழைந்தது. அதன் கேப்டன் இறங்கி, ஏற்கெனவே ஜனங்கள் குடியிருந்த இடத்தை நான்தான் கண்டுபிடித்தேன் என்று அறிவித்துவிட்டு, குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர் இதை நடித்துக் காட்டும். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் நிற்கிற டெல்மண்டுக்கு அன்றைக்குத்தான் கைதட்டு. அந்த வேஷம் பக்கத்துத் துறை லோரிங்குக்குப் போய்விடக் கூடாது. அவன் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தான்.

இந்த வருஷம் விழாத் தலைவி திருமதி விட்காம்ப், கோடைக்கு மட்டும் வந்துபோகிற பாஸ்டன்காரி, நாடகப் படகுக்குப் புது வர்ணம் அடித்துவைத்தாள். நீலம். நீலப் படகில் ஏறினவனைக் கடல் உயிரோடு விடாது என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

"நான் ஏற மாட்டேன்" என்றான் டெல்மண்ட்.

மனைவி வெர்னா கேப்டன் வேஷத்தின் மடிப்புக் காலருக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். "ஏறாட்டிப் போ. லோரிங் கழுத்தும் இதே அளவுதான்."

விழாவன்று வெர்னா டெல்மண்டைத் தங்கள் படகில் ஏற்றி, பின்னால் நீலப் படகைக் கட்டி இழுத்துக் கரையருகே கொண்டுவந்தாள். அங்கே டெல்மண்ட் நீலப் படகுக்கு மாறித் துடுப்புப் போட்டுக் கரைசேர வேண்டும். மாறவில்லை. நீச்சல் தெரியாது, அந்தத் துறையில் யாருக்குமே தெரியாது. இருந்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் குதித்தான். ஆகஸ்டிலும் எலும்பைக் கடிக்கிற தண்ணீர். காலர் நனைந்த அப்பளமாகத் தொங்க, காலிப் படகை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு கரையேறினான்.

"கேப்டன் படகுலதான் வரணும், டெல்மண்ட்" என்றாள் திருமதி விட்காம்ப்.

"தரை தட்டிருச்சும்மா" என்றான், பல் கிடுகிடுக்க. கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

லோரிங் பீர் டின்னோடு வந்தான். "எதுக்குடா இந்தக் குளியல்?"

"நான் வரலைன்னா நீ ஏறியிருப்ப."

லோரிங் நீலப் படகைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றான். "அதுலயா? அந்தம்மா காலையிலேயே என்னையும் கேட்டுச்சு, நீ வராம போனா ஏறுவியான்னு. முதுகு வலின்னுட்டேன். துறையில அத்தனை பேருக்கும் இன்னிக்கு முதுகு வலி."

டெல்மண்ட் காலரைக் கழற்றிப் பிழிந்தான்.

"அப்ப அடுத்த வருஷமும் நீதான்" என்றாள் வெர்னா. "போய் நீச்சல் கத்துக்க."